கிளாஸ்ஃபிஷ் போய் எது வர வேண்டும்? ராணிப்பேட்டை வாசகரின் கேள்விக்குப் பதில்

ராணிப்பேட்டை மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தன் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வெளியே வரக் கூடாது என்று கேட்டிருக்கிறார். காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவை அவர் கவனித்துக்கொள்கிறார். சிப்காட்டில் ஒரு யூனிட், ஆம்பூர் பக்கம் இரண்டு. கொள்முதல், தோல் இருப்பு, உற்பத்தி, ஷிப்பிங் ஆவணம், சம்பளம் எல்லாம் 2015-இல் வெளியாள் எழுதிக் கொடுத்த ஒரே ஜாவா அப்ளிகேஷனில் ஓடுகின்றன. ஜாவா அப்ளிகேஷனை ஓட்டும் சர்வர் மென்பொருள் கிளாஸ்ஃபிஷ் 4.1; ஜாவா 8, விண்டோஸ் சர்வர் 2012, பின்னால் ஆரக்கிள் டேட்டாபேஸ். எழுதிக் கொடுத்த நிறுவனம் இன்று இல்லை. சம்பள மாட்யூலின் சோர்ஸ் கோடும் கையில் இல்லை. இயக்கக்கூடிய ஜார் ஃபைல் மட்டும்தான் இருக்கிறது.

மாதத்தின் முதல் வாரத்தில் அப்ளிகேஷன் ஹேங் ஆகிறது, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. சென்னை விற்பனையாளர் ஒருவர், "டேட்டாபேஸ் ஆரக்கிள், அதனால் சர்வரும் ஆரக்கிளாக இருந்தால்தான் சரிப்படும்" என்று ஆரக்கிளின் சர்வர் மென்பொருளான வெப்லாஜிக் ஸ்டாண்டர்ட் எடிஷனுக்கு, இரண்டு சர்வர் கிளஸ்டர் (ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் தொகுப்பு) என்று சொல்லி, கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். சகோதரியிடம் வேலை பார்க்கும் மூன்று இளைஞர்களோ, "இலவச சர்வரான டாம்கேட் போதும், மற்றதெல்லாம் பழைய கதை" என்கிறார்கள். தீபாவளி போனஸுக்கு முன் முடிவு வேண்டும் என்பது முதலாளியின் பேச்சு. "இலவச சர்வரை நம்பி 600 பேரை ஏற்றலாமா? கிளாஸ்ஃபிஷ் செத்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?" என்பது சகோதரியின் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டதற்கு முன், கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய ஆட்கள் வீட்டிலிருந்து பார்ப்பதற்காக சர்வரை நிர்வகிக்கும் 4848 போர்ட்டை வெளி இணையத்துக்குத் திறந்துவைத்தோம், அது அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். அதை இன்றே ஃபயர்வாலில் மூடுங்கள். கிளாஸ்ஃபிஷ் 4.1-இல், பாஸ்வேர்டு எதுவும் கேட்காமலே அந்த நிர்வாகப் போர்ட் வழியாக சர்வரில் உள்ள ஃபைல்களைப் படிக்கவிடும் ஓட்டை இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு வரிசையில் எண்ணிடப்பட்டு எல்லோருக்கும் தெரிந்த ஓட்டை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு பெரும்பாலும் சர்வரின் அமைப்பு ஃபைலான டொமைன் எக்ஸ்எம்எல்லில் எழுத்து எழுத்தாகவே கிடக்கும். ஆகவே போர்ட்டை மூடிய கையோடு டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் நிர்வாகி பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். பழைய லாகுகளை அழிக்காதீர்கள். யாராவது உள்ளே வந்து போன தடயம் தெரிந்தால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது.

மாதத்தின் முதல் வாரம் ஏன் ஹேங் ஆகிறது

சர்வரை மாற்றினால் இது சரியாகும் என்று நினைக்கிறீர்கள். சரியாகவும் கூடும். ஆனால் சரியானதற்குக் காரணம் புது சர்வரின் மகிமையாக இருக்காது. அதன் இயல்பு அமைப்பில் ஒரு எண் பெரிதாக இருப்பதுதான்.

கிளாஸ்ஃபிஷ் 4.1-இல் எச்டிடிபி த்ரெட் பூலின் (வரும் கோரிக்கைகளைக் கவனிக்கும் த்ரெட்டுகளின் தொகுப்பு) உச்ச அளவை யாரும் தொடாமல் விட்டிருந்தால் அது 5. ஐம்பது இல்லை, ஐந்து. நிறுவியவர்கள் மாற்றினார்களா என்று நிர்வாகப் பக்கத்தில் த்ரெட் பூல் பகுதியில் பாருங்கள். ஒரே நேரத்தில் ஐந்து கோரிக்கைகளைத்தான் சர்வர் கையில் எடுக்கும், மற்றவை வரிசையில் நிற்கும்.

உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போடலாம். சாதாரண நாளில் 250 பேர் உள்ளே இருக்கிறார்கள் என்கிறீர்கள். ஒருவர் 30 விநாடிக்கு ஒரு முறை எதையாவது அழுத்துகிறார், ஒரு கோரிக்கைக்குச் சராசரியாக 0.4 விநாடி ஆகிறது என்று கொள்வோம். விநாடிக்கு 8 கோரிக்கைக்குச் சற்று மேல்; அதை 0.4-ஆல் பெருக்கினால் ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும் த்ரெட் 3 அல்லது 4. ஐந்துக்குள் அடங்கிவிடுகிறது. மாத முதல் வாரத்தில் 600 பேர் வருகிறார்கள். விநாடிக்கு 20 கோரிக்கை, தேவைப்படும் த்ரெட் 8. ஐந்தில் எட்டு அடங்காது. அதோடு சம்பளப் பிரிவில் நான்கு பேர் ஜாஸ்பர் என்ற கருவி தயாரிக்கும், இரண்டு நிமிடம் ஓடும் ரிப்போர்ட்டை அழுத்திவிட்டால் மிச்சம் ஒரே த்ரெட். காட்பாடி ஜங்ஷனில் இருக்கிற கவுண்டர் எல்லாவற்றிலும் குரூப் டிக்கெட் எடுப்பவர்கள் நின்றால் பின்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ரீஸ்டார்ட் செய்தால் வரிசையில் இருந்த எல்லாக் கோரிக்கையும் கலைந்து போகிறது, அதனால் சரியானது போல் தெரிகிறது.

இந்த எண்ணை 60 ஆக்குங்கள். டேட்டாபேஸ் கனெக்ஷன் பூல் (திறந்தே வைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகள்) கிளாஸ்ஃபிஷில் இயல்பாக 8-இல் தொடங்கி 32-இல் நிற்கும். அதை 40 வரை விடலாம், டேட்டாபேஸ் அனுமதிக்கும் செஷன் எண்ணிக்கையை முதலில் பார்த்துக்கொண்டு. த்ரெட்டை 500, பூலை 300 என்று ஏற்றிவிடாதீர்கள். அப்போது நெரிசல் சர்வரிலிருந்து டேட்டாபேஸுக்கு நகரும், அங்கே சரிசெய்வது இன்னும் கடினம். நீண்ட ரிப்போர்ட்டுகளை உங்கள் ஆட்கள் தனியாகப் பிரித்து, ஜாவா இஇ 7-இல் (நிறுவன அப்ளிகேஷன்களுக்கான ஜாவா தரம்) ஏற்கனவே இருக்கும், பின்னணியில் வேலையை ஓட்டும் மேனேஜ்டு எக்ஸிக்யூட்டர் ஒன்றில், ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் ஓடாதபடி போட வேண்டும். ரிப்போர்ட் முடிந்ததும் ஃபைலாக எடுத்துக்கொள்ளட்டும். பல ஆயிரம் பக்க ரிப்போர்ட் என்றால் ஜாஸ்பரின் விர்ச்சுவலைசரை இயக்குங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பக்கங்களும் மெமரியில் போய் உட்காரும்.

அதற்குப் பிறகும் ஹேங் ஆனால், ரீஸ்டார்ட் செய்யும் முன் பத்து விநாடி இடைவெளியில் மூன்று த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்ற பதிவு) எடுத்து வையுங்கள். ஜாவாவோடு வரும் ஜேஸ்டாக் கருவி போதும். மூன்றிலும் அதே த்ரெட்டுகள் அதே வரியில் நின்றால் அந்த வரிதான் குற்றவாளி. பெரும்பாலானவை கனெக்ஷன் பூலிடம் காத்து நின்றால், எங்கோ கனெக்ஷன் திறந்து மூடாமல் விடப்படுகிறது. பூல் அமைப்பில் லீக் டைம்அவுட் என்ற இடத்தில் ஒரு விநாடி எண்ணைக் கொடுத்தால், திறந்துவிட்டு மறந்த இடத்தை லாகில் காட்டும்.

இரண்டு தரப்பும் சொல்வதில் உள்ள பிழை

"ஆரக்கிள் டேட்டாபேஸ் என்றால் ஆரக்கிள் சர்வர்" என்பதில் தொழில்நுட்பக் காரணம் இல்லை. ஜாவா டேட்டாபேஸோடு பேசும் ஜேடிபிசி பொதுத் தரம். ஆரக்கிளின் டிரைவரை எந்த ஜாவா சர்வரிலும் வைக்கலாம். டேட்டாபேஸ் ஆர்ஏசி என்ற பல சர்வர் கிளஸ்டராக ஓடினால் வெப்லாஜிக்கின் கிரிட்லிங்க் வசதி உண்மையிலேயே உதவும். உங்களுடையது ஒற்றை டேட்டாபேஸ், அந்த வாதம் உங்களுக்கு இல்லை.

டாம்கேட் தாங்காது என்ற பயமும் வேண்டாம். அதன் இயல்பு த்ரெட் உச்சம் 200. மேலே போட்ட கணக்குக்கு இது தாராளம். ஆனால் டாம்கேட், செர்வ்லெட், ஜேஎஸ்பி என்ற இணையப் பக்கப் பகுதிகளை ஓட்டும் கன்டெய்னர். உங்கள் அப்ளிகேஷன் இஜேபி (சர்வரில் ஓடும் வேலைப் பகுதிகள்), ஜேஎம்எஸ் வரிசை (செய்திகளை வரிசையில் வைத்து அனுப்புவது), டைமர், ஜேபிஏ (டேட்டாபேஸ் தகவலை ஜாவாவில் கையாளும் முறை), டிரான்ஸாக்‌ஷன் அனைத்தையும் சர்வரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. டாம்கேட்டுக்குப் போவதென்றால் இவை ஒவ்வொன்றுக்கும் ஸ்ப்ரிங் அல்லது வேறு நூலகம் வைத்துத் திரும்ப எழுத வேண்டும். புதிதாக எழுதும் அப்ளிகேஷனுக்கு உங்கள் இளைஞர்கள் சொல்வது நல்ல வழி. இருக்கிறதை மாற்ற அது சர்வர் மாற்றமே அல்ல, மறு எழுத்து. சோர்ஸ் இல்லாத சம்பள மாட்யூலை வைத்துக்கொண்டு அதில் இறங்க வேண்டாம்.

வெப்லாஜிக் கொட்டேஷனைக் கையெழுத்திடும் முன்

வெப்லாஜிக் மட்டமான சரக்கல்ல. வங்கிகளிலும் தொலைத்தொடர்பிலும் அது ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்கு அது பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. கொட்டேஷனில் ஸ்டாண்டர்ட் எடிஷன் விலையைப் போட்டு, கிளஸ்டர் தருவதாகவும் எழுதியிருக்கிறார்கள். கிளஸ்டர் வசதி எண்டர்பிரைஸ் எடிஷனில்தான் உண்டு. ஆரக்கிளின் வெளியிடப்பட்ட விலைப்பட்டியலில் அது ஒரு பிராசஸருக்கு 25,000 டாலர். பிராசஸர் என்றால் பெட்டியின் எண்ணிக்கை இல்லை: இன்டெல் கோர்களின் எண்ணிக்கையை 0.5-ஆல் பெருக்க வேண்டும். 8 கோர் கொண்ட இரண்டு சர்வர் என்றால் 16 கோர், 8 பிராசஸர், 2,00,000 டாலர். ஆண்டுப் பராமரிப்பு 22 சதவீதம், அதாவது 44,000 டாலர் ஒவ்வொரு ஆண்டும். பேரத்தில் குறையும், ஆனால் பேரம் தொடங்கும் இடம் இது. ஜிஎஸ்டி தனி.

இரண்டாவது, அந்த சர்வர்கள் மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் விஎம்வேரில் மூன்று ஹோஸ்ட் (உண்மையான மெஷின்) மேல் ஓடப் போகின்றன என்கிறீர்கள். விஎம்வேரில் நான்கு கோர் மட்டும் ஒதுக்கினேன் என்பதை ஆரக்கிள் ஏற்பதில்லை. மெஷின் நகரக்கூடிய எல்லா ஹோஸ்ட்டின் கோர்களையும் எண்ணுவதே அவர்கள் நிலைப்பாடு. அந்தக் கொள்கை ஆவணம் ஒப்பந்தத்தின் பகுதியல்ல என்று அதிலேயே எழுதியிருக்கிறது, இருந்தாலும் தணிக்கையில் அதைத்தான் மேஜையில் வைப்பார்கள். 45 நாள் முன்னறிவிப்பு கொடுத்துத் தணிக்கை செய்யும் உரிமை அவர்களது வழக்கமான ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆகவே விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த எடிஷன், எத்தனை பிராசஸர், எந்தெந்த ஹோஸ்ட், கிளஸ்டர் அதில் அடங்குமா. வாய்மொழி உறுதியும் வாட்ஸ்அப் செய்தியும் தணிக்கையில் நிற்காது.

காசு கொடுத்தால் பேட்ச் கவலை போய்விடும் என்று எண்ணவும் வேண்டாம். ஆரக்கிள் பேட்ச் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் வரும். அதைப் போட ஆள் வேண்டும். 2020 அக்டோபரில் வெப்லாஜிக் கன்சோலில் வெளிவந்த ஓட்டைக்குப் பலியானவர்களில், பணம் கட்டி லைசென்ஸ் வைத்துக்கொண்டு பேட்சைத் தள்ளிப்போட்டவர்களும் உண்டு.

ஜாவாக்ஸ் கோடு: உண்மையான எல்லை இதுதான்

சர்வர்களை ஒப்பிடும் பட்டியல்களில் வேகம், நிறுவும் வசதி, கன்சோல் அழகு என்று நிறையக் கட்டங்கள் இருக்கும். உங்கள் நிலைமையில் அவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று. 2017-இல் ஆரக்கிள் ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் அமைப்பிடம் கொடுத்தது. பெயர் ஜகார்த்தா இஇ ஆனது. 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9-இல், ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறின. அதற்கு முன் எழுதிய அப்ளிகேஷன் புது சர்வர்களில் அப்படியே ஏறாது. கிளாஸ் கிடைக்கவில்லை என்று தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

எந்த சர்வரின் எந்தப் பதிப்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். டாம்கேட் 9 பழைய (ஜாவாக்ஸ்) பக்கம், 10-இலிருந்து புதிய (ஜகார்த்தா) பக்கம். வைல்டுஃப்ளை 26 வரை பழையது, 27-இலிருந்து புதியது. ரெட் ஹாட்டின் ஜேபாஸ் இஏபி 7.4 பழையது, 8.0 புதியது. பயாரா 5 பழையது, 6 புதியது. உங்கள் அப்ளிகேஷன் நிற்பது பழைய பக்கம். அதனால் "வைல்டுஃப்ளை இலவசம், அதற்குப் போகலாம்" என்று யாராவது சொன்னால், எந்தப் பதிப்பு என்று திருப்பிக் கேளுங்கள். 26 என்றால் அதற்கு இனி இலவச பேட்ச் இல்லை. ஓர் அநாதையை விட்டு இன்னொரு அநாதைக்குப் போவதாகும்.

கிளாஸ்ஃபிஷ் செத்துவிட்டதா என்ற கேள்விக்கு வருகிறேன். 2013-இல் ஆரக்கிள் நிறுத்தியது அதற்கான வணிக ஆதரவைத்தான். அந்த வெற்றிடத்தில் பிறந்ததே பயாரா. கிளாஸ்ஃபிஷ் இன்று எக்லிப்ஸ் அமைப்பில் உயிரோடு இருக்கிறது. 7-ஆம் பதிப்பு ஜகார்த்தா இஇ 10-ஐ ஓட்டுகிறது. இறந்தது நீங்கள் வைத்திருக்கும் 4.1 போன்ற பழைய பதிப்புகள்தான்.

உங்கள் அப்ளிகேஷன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் கவனிக்கத் தகுந்தவை இரண்டு.

பயாரா 5 எண்டர்பிரைஸ், கிளாஸ்ஃபிஷின் நேரடி வாரிசு. கிளாஸ்ஃபிஷுக்கென்று எழுதிய எக்ஸ்எம்எல் ஃபைல்களைப் படிக்கும், நிர்வாகக் கட்டளைகளும் அதே, ஜேபிஏ-வுக்குள் இருக்கும் எக்லிப்ஸ்லிங்க்கும் அதே. கோடில் மாற்றம் மிகக் குறைவு. பேட்சோடு கிடைப்பது பணம் கட்டும் பதிப்பில்தான். சமூகப் பதிப்பில் வேலை புதிய பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது.

ஓபன் லிபர்ட்டி, ஐபிஎம் 2017-இல் திறந்த மூலமாக வெளியிட்டது. மற்றவர்களிடம் இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. பழைய ஜாவா இஇ 8 வசதிகளையும் புதிய ஜகார்த்தா வசதிகளையும் ஒரே சர்வர் பதிப்பில் தனித்தனி ஃபீச்சர்களாக வைத்திருக்கிறது. உங்கள் அப்ளிகேஷனைப் பழைய பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, சர்வரை மட்டும் புதுப்பித்து, பேட்ச் இலவசமாகப் பெறலாம். ஜேபிஏ-வுக்கு இதுவும் எக்லிப்ஸ்லிங்க்கையே பயன்படுத்துகிறது. உங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. வைல்டுஃப்ளை அதே வேலைக்கு ஹைபர்னேட்டைப் பயன்படுத்துகிறது. டிரான்ஸாக்‌ஷன் முடிந்த பிறகு, தேவைப்படும்போது எடுக்கலாம் என்று தள்ளிவைத்த தகவலைத் தொட்டால் எக்லிப்ஸ்லிங்க் பல இடங்களில் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுத்துவிடும். ஹைபர்னேட் எக்ஸெப்ஷன் எறியும். பத்தாண்டாக எக்லிப்ஸ்லிங்க்கின் தாராளத்தில் பழகிய புரோகிராமை ஹைபர்னேட்டில் ஏற்றினால் எந்தத் திரை எப்போது உடையும் என்று சொல்ல முடியாது.

லிபர்ட்டியில் உங்களுக்கு வேலை வைக்கும் இடங்கள்: திரைகளை அமைக்கும் ஜேஎஸ்எஃப் அதில் மைஃபேசஸ் என்ற வகை, உங்களிடம் இருப்பது மொஹாரா என்ற வகை. உங்கள் பழைய பிரைம்ஃபேசஸ் திரைகள் தகராறு செய்தால், சொந்த மொஹாராவை அப்ளிகேஷனோடு கொண்டுவர விடும் தனி ஃபீச்சர் இருக்கிறது. டேட்டாபேஸை வைத்து லாகின் சரிபார்க்கும் ஜேடிபிசி ரெல்ம் என்ற அமைப்பு கிளாஸ்ஃபிஷுக்கே உரியது. ஜாவா இஇ 8-இன் ஐடென்டிட்டி ஸ்டோருக்கு மாற்ற வேண்டும், பாஸ்வேர்டு ஹேஷ் எந்த வடிவில் சேமித்திருக்கிறது என்று முதலில் பார்த்தாக வேண்டும். ஜேஎம்எஸ் வரிசையில் தேங்கிய செய்திகள் தானாக இடம் மாறாது. மாற்றும் இரவில் வரிசை காலியான பிறகே பழையதை நிறுத்துங்கள்.

எடை கவுண்டரில் ஓடும் ஸ்விங் (ஜாவா டெஸ்க்டாப்) புரோகிராமை உங்கள் பட்டியலில் கடைசியில், அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தீர்கள். சர்வர் மாற்றத்தில் முதலில் உடையப் போவது அதுதான். அது 3700 போர்ட் வழியாக நேரடியாக இஜேபி-யைக் கூப்பிடுகிறது, கிளாஸ்ஃபிஷின் கிளையண்ட் ஜாரையும் கூடவே சுமக்கிறது. வேறு எந்த சர்வருக்குப் போனாலும் அந்த ஜார் மாறும், பெரும்பாலும் போர்ட்டும் மாறும். ஜாவா 11-இலிருந்து, இந்த வகை அழைப்புக்கு அடிப்படையான கோர்பாவும் ஜேடிகே-யிலிருந்து (ஜாவா நிறுவல் தொகுப்பு) நீக்கப்பட்டுவிட்டது. எடை, தோல் ரகம், லாட் எண், கவுண்டர் எண் என்று நான்கைந்து தகவலை அனுப்பத்தானே அது? அந்த அழைப்பை இப்போதே, கிளாஸ்ஃபிஷில் இருக்கும்போதே, எச்டிடிபி வழியாக அழைக்கும் ஒரு ரெஸ்ட் சேவையாக மாற்றிவிடுங்கள். அதன் பிறகு பின்னால் எந்த சர்வர் இருந்தாலும் கவுண்டரில் நிற்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

என் கணிப்பு: லிபர்ட்டியில் ஜாவா 17 வைத்து, மூன்று வாரம் சோதனை ஏற்றம் செய்து பாருங்கள். லாகினும் ஜேஎம்எஸ்-உம் அதற்குள் ஓடிவிட்டால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் பயாரா எண்டர்பிரைஸ் சந்தாவுக்கு விலை கேளுங்கள். அது வெப்லாஜிக் மாதிரித் தலையில் இறங்கும் தொகையாக இருக்காது. இலவசம் என்பதற்காகப் பயப்படத் தேவையில்லை, ஆனால் இரவு பத்து மணிக்கு நின்றால் யாரைக் கூப்பிடுவது என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். உங்கள் மூவரில் ஒருவராவது லாகைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் என்றால் இலவசப் பதிப்பு போதும். இல்லையென்றால் ஆதரவுச் சந்தாவுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

சோர்ஸ் இல்லாத சம்பள மாட்யூல்

இந்த ஜாரைத் தொடலாமா, சட்டப்படி சரியா என்று கேட்டிருந்தீர்கள். வெளியாளிடம் எழுதி வாங்கிய சாஃப்ட்வேரின் காப்புரிமை (காபிரைட்), பணம் கொடுத்தோம் என்பதாலேயே உங்களுடையதாகிவிடாது. எழுத்துமூலமாக மாற்றித் தந்திருக்க வேண்டும். 2015 ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அது இல்லாவிட்டாலும் கை கட்டப்பட்டுவிடவில்லை. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முறையாகப் பெற்ற புரோகிராமை அது தரப்பட்ட நோக்கத்துக்காகப் பயன்படுத்தும் பொருட்டு நகலெடுக்கவும் தகவமைக்கவும் இடம் கொடுக்கிறது. மூடப்பட்ட நிறுவனத்தில் வேலை பார்த்தவர் யாராவது வாலாஜாவிலோ வேலூரிலோ இருந்து பழைய சோர்ஸைத் தருகிறேன் என்றால் மட்டும் கவனம்: அவருக்கு அதைத் தர உரிமை இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

லிபர்ட்டியில் ஜாவா இஇ 8 பக்கம் இருக்கும்வரை அந்த ஜாரைத் திறக்கவே தேவைப்படாது. பின்னாளில் ஜகார்த்தா பக்கம் போகும்போது எக்லிப்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் என்ற கருவி சோர்ஸ் இல்லாமலே ஜாருக்குள் இருக்கும் பெயர்களை மாற்றித் தரும். பெயரைச் சரமாகச் சேர்த்துக் கூப்பிடும் இடங்களில் அது தவறவிடக்கூடும்; மாற்றிய பிறகு ஒரு முழு மாதச் சம்பளத்தைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, ஆள் வாரியாக ஒப்பிடுங்கள்.

இரண்டு சர்வர் வைத்தால்

உங்கள் சுமைக்குக் கிளஸ்டர் தேவையில்லை; ஒன்று கெட்டால் இன்னொன்று எழ வேண்டும் என்பதுதான் தேவை. முன்னால் கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் அனுப்பும் ஒரு என்ஜின்எக்ஸ், பின்னால் ஓடும் ஒன்று, தயாராக நிற்கும் ஒன்று என்றால் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் டைமர்களைக் கவனியுங்கள். இரவு 11 மணிக்கு வருகைப்பதிவைச் சம்பளக் கணக்கில் ஏற்றும் டைமர், ஒவ்வொரு சர்வரும் தன் ஃபைலில் தனியாகக் குறித்துவைத்தால், இரண்டிலும் அடிக்கும். ஓவர்டைம் இரட்டிப்பாகும். டைமர் விவரம் இரண்டுக்கும் பொதுவான ஒரே டேட்டாபேஸ் டேபிளில் இருக்கும்படி அமைத்து, சோதனையில் வேண்டுமென்றே இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். ஆம்பூர் யூனிட்டில் ஒரு சர்வர், சிப்காட்டில் ஒரு சர்வர் என்று பிரித்து வைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். இடையில் நெட்வொர்க் லைன் போகும் நாளில் இரண்டும் தானே தலைவன் என்று நினைத்துக்கொள்ளும்.

சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் ஃபயர்வால் இருப்பதால் இன்னொன்று. சும்மா இருக்கும் கனெக்ஷனை ஃபயர்வால் சத்தமில்லாமல் வெட்டிவிடும், பூல் அது உயிரோடு இருப்பதாகவே நினைக்கும். காலையில் முதல் ஆள் லாகின் செய்யும்போது வரும் பிழைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கனெக்ஷனைக் கொடுக்கும் முன் சரிபார்க்கும் அமைப்பை இயக்குங்கள். சும்மா இருக்கும் நேரத்தின் வரம்பை ஃபயர்வாலின் வரம்பைவிடக் குறைவாக வையுங்கள்.

ஜாவாவுக்கே லைசென்ஸ் உண்டு

எந்த ஜேடிகே போட்டிருக்கிறது என்று ஒவ்வொரு மெஷினிலும் பாருங்கள், எடை கவுண்டர் உட்பட. ஆரக்கிள் ஜாவா 8-இல் 202-ஆம் அப்டேட் வரை வணிகப் பயன்பாட்டுக்கு இலவசம். 2019 ஏப்ரலில் வந்த 211-இலிருந்து அப்படியில்லை. 2023 ஜனவரி முதல் ஆரக்கிள் விற்கும் ஜாவா சந்தா, ஜாவா பயன்படுத்துபவர்களை எண்ணுவதில்லை. நிறுவனத்தின் மொத்த ஊழியர்களை எண்ணுகிறது. உங்களிடம் கம்ப்யூட்டர் தொடாத தையல் பிரிவு ஆட்களும் அந்தக் கணக்கில் வருவார்கள். டெமுரின் அல்லது கரெட்டோ என்ற ஓப்பன்ஜேடிகே வெளியீட்டைப் போட்டுவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. கோடில் எதுவும் மாற்ற வேண்டியதில்லை.

தமிழ்ச் சம்பள ரசீது

இதைச் சோதனைப் பட்டியலில் யாரும் எழுதமாட்டார்கள், மாற்றிய முதல் மாதம் ஆலை வாசலில் சத்தம் வரும். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகிறீர்கள். ஜாவா 17 வரை, எழுத்துக் குறியீட்டை ஜாவா இயங்குதளத்திடம் கேட்டு எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8 இயல்பாக ஆனது 18-இலிருந்துதான். லினக்ஸில் சர்வரை சர்வீஸாகத் தொடங்கும்போது மொழி அமைப்பு காலியாக இருந்தால், ஃபைலிலிருந்து படிக்கும் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகும். அந்தக் கேள்விக்குறிகள் டேட்டாபேஸில் எழுதப்பட்டுவிட்டால் திரும்ப மீட்க முடியாது. ஃபைல் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று ஜேவிஎம் அமைப்பில் வெளிப்படையாகக் கொடுங்கள்.

எழுத்துரு இன்னொரு பக்கம். குறைந்தபட்ச லினக்ஸ் நிறுவலில் ஃபான்ட்கான்ஃபிக் இருக்காது; ரிப்போர்ட் எடுக்கும்போது எழுத்துரு அமைப்பைத் தேடி ஜாவா நல் பாயின்டர் பிழையில் விழும். அதை நிறுவிய பிறகும் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். எழுத்துருவை ஜாஸ்பரின் ஃபான்ட் எக்ஸ்டென்ஷன் ஜாராக அப்ளிகேஷனுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். சோதனைக்குக் கொ, கெ, கை, ஸ்ரீ வரும் பெயர்களைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டுப் பாருங்கள்; கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். 2015-இல் எழுதியது என்பதால், டேட்டாபேஸில் இருப்பது யூனிகோடா, இல்லை பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கான ஆங்கில எழுத்துகளா என்பதையும் பாருங்கள்.

எப்போது எதைச் செய்வது

முதலாளியிடம் சொல்லுங்கள்: தீபாவளிக்கு முன் சர்வர் மாற்றம் கூடாது. போனஸ் கணக்கு ஓடும் வாரங்களில் அப்ளிகேஷனின் அடித்தளத்தைக் கழற்றுவது புத்திசாலித்தனமல்ல. இந்த வாரம் 4848-ஐ மூடுவது, பாஸ்வேர்டு மாற்றுவது, த்ரெட் எண்ணைச் சரிசெய்வது. அடுத்த மாதத்துக்குள் எடை கவுண்டரை ரெஸ்ட்டுக்கு மாற்றுவது, ஜேடிகே கணக்கெடுப்பு. போனஸ் முடியும்வரை லிபர்ட்டியில் சோதனை ஏற்றம் மட்டும். அதற்குப் பிறகு, மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் இடையில் வரும் ஒரு சனிக்கிழமை இரவில் மாற்றம். பழைய மெஷினை அப்படியே ஒரு முழுச் சம்பளச் சுற்று வரை அணைத்துவைத்திருங்கள், அழிக்காதீர்கள்.

விண்டோஸ் சர்வர் 2012-க்கு 2023 அக்டோபரில் ஆதரவு முடிந்துவிட்டது. ஆகையால் கிளாஸ்ஃபிஷை மட்டும் மாற்றிவிட்டு அதே மெஷினில் உட்கார வைக்க வேண்டாம். சென்னை விற்பனையாளருக்கு இப்போதைக்கு ஒரு வரி போதும்: எடிஷன், பிராசஸர் எண்ணிக்கை, விஎம்வேர் ஹோஸ்ட் விவரம் மூன்றையும் எழுத்தில் தந்தால் பேசலாம். த்ரெட் எண்ணை மாற்றிய பிறகு வரும் முதல் வாரத்தில் எடுத்த மூன்று டம்ப்களையும் டேட்டாபேஸ் செஷன் எண்ணிக்கையையும் எனக்கு அனுப்பி வையுங்கள். பூல் அளவை அதைப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.